சாயத் தண்ணிக்கு ஒரு மணி நேரம்

அந்த டின்னுக்குள் 73 மாத்திரைகள் இருந்தன. தரையில் கொட்டி ஒவ்வொன்றாக எண்ணினேன். பழைய பிஸ்கட் டின். அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் பரணில், புகை படிந்து கறுத்துப்போய் ஒரு மூலையில் இருந்தது. "வெந்தயம் இருக்கும், அந்த டின்ன எடும்மா" என்று அந்த வீட்டு மாமியார்தான் கை காட்டினார். திறந்து பார்த்தால் வெந்தயம் இல்லை. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரைகள்.

அவருடைய மருமகளுக்கு ஆறாம் மாதம். வயது 22. கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9 என்று வந்திருந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அது 11க்குக் குறையக் கூடாது. "மாத்திரை குடிக்கிறியா புள்ள?" என்று மூன்று மாதமாக அவளிடம் கேட்டுவந்தேன். "குடிச்சேன்க்கா, தெனம் குடிச்சிர்றேன்" என்று மூன்று மாதமாக அவளும் சொல்லிவந்தாள்.

நான் கத்திவிட்டேன். மாமியார் முன்னாலேயே. "உன் புள்ளைக்கு ஏதும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டேன். அவள் இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்காமல், கொழுந்துக் கூடையை இன்னும் இறக்கி வைக்காமல், அழுதுகொண்டே நின்றாள். அன்றைக்கு நான் செய்தது பிழை. அந்தப் பிழையை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

இலங்கை மலையகத்தில், போகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சுகாதாரத் தொண்டர். 2013இல் தொடங்கினேன். அதற்கு முன், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவுக்கு உதவியாக இருந்தேன். ஒருநாள் அரசாங்க மிட்வைஃப், நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுபவர், வந்து, "தமிழ் எழுத வாசிக்கத் தெரியும், சிங்களமும் பேசுறீங்க, நீங்க வாங்களேன்" என்றார். சில நாள் பயிற்சி, ஒரு பை, ஒரு கொப்பி. சம்பளம் கிடையாது. என் பொறுப்பில் ஆறு லயங்கள், அதாவது தொழிலாளர் இருக்கும் வரிசை வீடுகள், மொத்தம் 48 வீடுகள். மிஸ்ஸிக்கு எங்கள் தோட்டம் மட்டுமல்ல, இன்னும் பல தோட்டங்களும் பக்கத்துக் கிராமங்களும் இருக்கின்றன. அவர் வராத நாட்களில் யாருக்குத் தலை சுற்றினாலும், எந்தக் குழந்தைக்கு விடியவிடியக் காய்ச்சல் அடித்தாலும், முதலில் தட்டுவது என் வீட்டுக் கதவைத்தான்.

நான் மருந்து கொடுப்பதில்லை, ஊசி போடுவதில்லை. யாருக்கு எத்தனையாவது மாதம், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி நாள், யார் மூன்று வாரமாக இருமுகிறார், யாருடைய பிரஷர் மாத்திரை முடிந்துவிட்டது என்பதெல்லாம் என் கொப்பியில் இருக்கும். ஆளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், கிளினிக் சொன்னதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் என் வேலை.

இதைக் காலையில் ஆறு மணிக்கு முன்னால் செய்ய வேண்டும், அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு. நடுவில் லயத்தில் ஆள் இருக்காது. பெண்கள் நாலரைக்கு எழும்பி அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றுவிடுவார்கள். ஆகவே நான் போகும்போது ஒருத்தி மா பிசைந்துகொண்டிருப்பாள், இன்னொருத்தி பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருப்பாள். என்னைக் கண்டதும் "வாங்கக்கா, சாயத் தண்ணி குடிங்க" என்பார்கள். பால் சேர்க்காத வெறும் தேத்தண்ணிதான் சாயத் தண்ணி. எந்த வீட்டிலும் அதுதான் முதல் வார்த்தை. நானும் வாங்கிக் குடிப்பேன். வேண்டாம் என்றால் அவர்கள் மனசு நொந்துவிடும்.

கிளினிக் நாள் வேறு மாதிரி. பிள்ளைக் காம்பராவின் முன் விறாந்தையில் தராசைத் தொங்கவிடுவோம். குழந்தைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அழும். நிறையைப் பதிவேட்டில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுக்க வேண்டும். கோடு பச்சைப் பட்டையில் ஏறினால் நல்லது. செம்மஞ்சளுக்குள் இறங்கினால் தாயின் முகம் அந்த நிமிடமே மாறிவிடும். பச்சையையும் செம்மஞ்சளையும் தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை.

2016இல் நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வு ஒன்று இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17 வீதம். தோட்டப்புறத்தில் மட்டும் பார்த்தால் ஏறக்குறைய 32 வீதம். பயிற்சி வகுப்பொன்றில் இதைக் கேட்டபோது என் கண்ணுக்கு முன் வந்தது எங்கள் மேட்டு லயத்துக் குழந்தை ஒன்று. இரண்டு வயது, 8.7 கிலோ. அவளுடைய தாய்க்கும் அந்த வயதில் அப்படித்தான் இருந்திருக்கும். ஒல்லியாகப் பிறந்தவள், ஒல்லியாகவே வளர்ந்து, இரத்தம் குறைந்த உடம்போடு பிள்ளை சுமந்து, இன்னொரு ஒல்லிப் பிள்ளையைப் பெறுகிறாள். அந்தச் சங்கிலியை எங்கே அறுக்கலாம் என்று கேட்டால், மிஸ்ஸி எப்போதும் ஒரே இடத்தைத்தான் காட்டுவார்: வயிற்றில் இருக்கும்போது. அதனால்தான் அந்த 73 மாத்திரைகள் என்னை அவ்வளவு கோபப்படுத்தின.

திரிபோஷவும் இப்படித்தான். சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த அந்த மா, கர்ப்பிணிக்கு மாதம் 750 கிராம் பைக்கற் இரண்டு. அவளுக்கென்று எழுதிக் கொடுப்பது. ஆனால் பைக்கற்றை உடைத்துச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடிக்கும்போது, சுற்றி நான்கு பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எந்தத் தாய் தனியாகச் சாப்பிடுவாள்? "அவங்களுக்குக் குடுக்காம நீங்க மட்டும் சாப்பிடுங்க" என்று ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. "மொதல்ல ரெண்டு உருண்ட உங்களுக்குன்னு எடுத்து வச்சிருங்க, மிச்சத்தப் பிரிங்க" என்கிறேன். 2022இல் எல்லாப் பொருளும் விலையேறியபோது திரிபோஷ கிடைக்காத மாதங்களும் வந்தன. அந்த ஆண்டுப் பதிவேடுகளைப் புரட்டினால் கோடுகள் படுத்துக் கிடக்கும். நான் அந்தப் பக்கங்களை அதிகம் திருப்புவதில்லை.

நாட்டில் வீடு வீடாகப் போகும் மிட்வைஃப், ஒரு பிரதேசத்துக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி என்ற ஏற்பாடு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. பல நாடுகள் பார்த்து மெச்சிய ஏற்பாடு அது. ஆனால் தோட்டம் தனி உலகமாக இருந்தது. எங்கள் பாட்டிமாருக்குப் பிள்ளைப்பேறு தோட்டத்து மருத்துவச்சி கையில், காய்ச்சலுக்குத் தோட்ட டிஸ்பென்சரி மருந்து. அரசாங்கத்து மிஸ்ஸி லயத்து வாசலில் கால் வைக்கப் பல தலைமுறை ஆனது. வந்த பிறகு இன்னொரு மலை குறுக்கே நின்றது: மொழி.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு தடவை எங்கள் மிஸ்ஸி லீவில் இருந்தபோது பதிலுக்கு வேறொருவர் வந்தார். நல்ல மனுஷி. தமிழ் வகுப்புக்குப் போய்ப் படித்தவர், கொப்பியில் வார்த்தைகள் எழுதி வைத்திருந்தார். அன்று நான் இல்லை, என் மகனுக்குக் காய்ச்சல். பணிய லயத்து அக்கா ஒருவர் போய், தலையைக் குனிந்துகொண்டு, "முழுகாம இருக்கேன் மிஸ்ஸி" என்று சொல்லியிருக்கிறார். வந்தவர் முழுகுதல் என்றால் குளித்தல் என்று படித்திருந்தார். தினமும் குளிக்க வேண்டும், சுத்தம் முக்கியம் என்று அன்பாக எடுத்துச்சொல்லி அனுப்பிவிட்டார். அக்காவுக்கு வெட்கம். திரும்பப் போகவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போனபோது நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கர்ப்பம் என்று தெரிந்த முதல் வாரங்களிலேயே பதிந்து, ஃபோலிக் அமிலம் கொடுத்து, இரத்தம் சோதித்திருக்க வேண்டிய நாட்களெல்லாம் போய்விட்டன.

அந்த மிஸ்ஸியை நான் குறை சொல்லமாட்டேன். விஷயம் தெரிந்ததும் அவர் கண் கலங்கினார். ஆனால் அன்று முதல் நான் ஒரு கொப்பி எழுத ஆரம்பித்தேன். எங்கள் ஆட்கள் நோயைச் சொல்லும் விதம் ஒரு பக்கம், அதற்குச் சிங்களத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பது மறுபக்கம். மேலுக்கு முடியல. கை கால் உளையுது. நெஞ்சக் கரிக்குது. கண்ண இருட்டிக்கிட்டு வருது. தூரமாகி மூணு மாசமாச்சு. தலைக்கு ஊத்தல. வயித்தால போகுது. "மேலுக்கு முடியல" என்பதில் மேல் என்றால் உடம்பு. மேலே என்று எடுத்துக்கொண்டால் தலைவலி மாத்திரைதான் கிடைக்கும். இப்போது அந்தக் கொப்பி எங்கள் மிஸ்ஸியின் கைப்பையில் இருக்கிறது. ஓரங்களில் அவருடைய கையெழுத்திலும் சொற்கள் சேர்ந்திருக்கின்றன.

மழைக்காலத்தில் அட்டைக்கடியும் சளியும். வெயில் காலத்தில் குளவி. குளவி கொட்டிய ஆளை முதன்முதல் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. பெரிய மரத்தில் கூடு கலைந்து, கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஏழு பேர் மேல் விழுந்திருந்தன. கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியவர்கள் தப்பினார்கள். ஒரு வயதான அம்மாயி ஓட முடியாமல் தண்ணீர்க் கான் ஓரத்தில் குந்திவிட்டார். மஞ்சள் பூசலாம், சுண்ணாம்பு தடவலாம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் அவருடைய உதட்டையும் கழுத்தையும் மட்டும் பார்த்தேன். வீங்குகிறதா, மூச்சு இழுக்கிறதா என்று. வீங்கியது. கொழுந்து லொறியை நிறுத்தி ஏற்றிவிட்டோம். பிழைத்தார். அதற்குப் பிறகு எங்கள் டிவிஷனில் குளவி கொட்டினால் யாரும் சுண்ணாம்பு தேடி ஓடுவதில்லை, லொறி தேடி ஓடுகிறார்கள்.

இராத்திரி வரும் பிரசவ வலிதான் என்னைப் பயமுறுத்துவது. 1990 என்ற நம்பருக்கு அடித்தால் அம்பியுலன்ஸ் வரும், காசு கட்டத் தேவையில்லை. அந்தச் சேவை எங்கள் பக்கம் வந்ததை நான் பெரிய வரமாகவே நினைக்கிறேன். ஆனால் அது பெரிய ரோட்டு வரைக்கும்தான் வரும். மேட்டு லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் பாதை ஆட்டோவும் ஏறாத பாதை. ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, இரு பக்கமும் கம்பு கட்டி, நாலு பேர் தூக்குவார்கள். நான் டோர்ச் அடித்துக்கொண்டு பின்னுக்கு நடப்பேன். யாரும் பேசமாட்டார்கள். கல்லில் கால் வழுக்கும் சத்தமும் அவளுடைய மூச்சும் மட்டும் கேட்கும். ரோட்டில் லைட் தெரிந்தவுடன் தூக்கியவர்களில் ஒருவர் "முருகா" என்பார். அங்கிருந்து நோர்வூட் தாண்டி டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை. அங்கே 2017இல் 150 கட்டில்களோடு புதிய கட்டடம் திறந்தார்கள். இங்கே இந்தப் பாதைக்கு இன்னும் கொங்கிறீட் போடவில்லை.

டின்னுக்கு வருகிறேன்.

நான் கத்திவிட்டு வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திரும்பவும் போனேன். மாமியார் ஆற்றுக்குத் துணி துவைக்கப் போயிருந்தார். வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நேத்து நான் பேசினது தப்பு புள்ள. ஏன் குடிக்கலன்னு மட்டும் சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்.

முதல் மாதம் குடித்திருக்கிறாள். இராத்திரி சமைத்து, எல்லோருக்கும் போட்டு, சட்டி கழுவிவிட்டுப் படுத்தால் மாத்திரை ஞாபகம் வராது. அதனால் காலையில், வெறும் வயிற்றில், சாயத் தண்ணியோடு விழுங்கிவிட்டுப் பெரட்டுக்கு ஓடியிருக்கிறாள். மலையில் ஏறும்போது குமட்டல். இரண்டு நாள் தேயிலை நிரைக்குள்ளேயே வாந்தி. கொழுந்து குறைந்தது. எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுக்காவிட்டால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், கிடையாது. 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவானது, அதில் பாதியை ஒரு மாத்திரைக்காக இழக்க யாரால் முடியும்?

அடுத்தது சொல்லத் தயங்கினாள். மாத்திரை தொடங்கியதிலிருந்து மலச்சிக்கல். கறுப்பாகப் போனதைப் பார்த்து இரத்தம் கெட்டுவிட்டது என்று பயந்திருக்கிறாள். அது இரும்புச் சத்தின் நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வயிறு இறுகிக் கிடந்து திடீரென்று வந்தால் மலையில் எங்கே போவது? கொழுந்து மலையில் கக்கூசு இல்லை. ஆம்பளைகள் கங்காணி வேலை பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில், செடிக்குப் பின்னால் குந்த அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் தண்ணீர் குடிப்பதையும் குறைத்தாள். தண்ணீர் குறைந்ததும் சிக்கல் இன்னும் கூடியது. அதற்குமேல் யாரோ, "அந்த மாத்திர குடிச்சா புள்ள பெருத்துப் போகும், ஆப்பரேஷன் பண்ணித்தான் எடுப்பாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். வயிற்றைக் கிழித்தால் எத்தனை மாதம் கூடை தூக்க முடியாது என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். குப்பையில் போடவும் மனம் வரவில்லை. அரசாங்கம் கொடுத்தது, இன்னொருத்திக்கு உதவும் என்று டின்னில் சேர்த்துவைத்தாளாம்.

கேட்டுக்கொண்டே இருந்தேன். அறியாமை, அலட்சியம் என்று பயிற்சி வகுப்புகளில் எங்கள் பெண்களைப் பற்றிச் சொல்வார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். இவளிடம் எங்கே அலட்சியம்? தன் நாளின் ஒவ்வொரு மணியையும் நிறுத்துப் பார்த்து எடுத்த முடிவு அது. மாத்திரையைப் பற்றி நான் பத்துத் தடவை சொல்லியிருந்தேன். நீ எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அவள் ஒழுங்காக விழுங்கிய மாத்திரைகளிலும் பாதிப் பயன் வீணாகியிருக்கும். தேத்தண்ணியில் உள்ள துவர்ப்பு, இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாது. கோதுமை ரொட்டியிலும் பருப்பிலும் கீரையிலும் இருக்கும் கொஞ்ச இரும்பையும் அப்படியே. கல்சியம் மாத்திரையைக் கூடவே போட்டாலும் இதே கதைதான். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது சாயத் தண்ணி குடிக்கக் கூடாது. இதை நான் தேயிலைத் தோட்டத்தில் சொல்ல வேண்டும். விடிந்தால் சாயத் தண்ணி, பத்து மணிக்குச் சாயத் தண்ணி, பசித்தால் சாயத் தண்ணி, குளிருக்கும் அதுதான், வந்தவருக்கும் அதுதான். தலைமுறை தலைமுறையாக இந்த மலைகளில் எங்கள் ஆட்கள் பசியைத் தாங்கியது எதைக் குடித்து? அதைக் குடிக்காதே என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. நேரத்தை மாற்று என்று மட்டும் சொல்லலாம்.

அன்று இருவருமாக ஒரு கணக்குப் போட்டோம். இராத்திரிச் சோறு ஏழரைக்கு. எட்டரைக்கு மாத்திரை, தேசிக்காய் பிழிந்த தண்ணியோடு. புளிப்பு இரும்பை உடம்பில் சேர்க்கும். ஒன்பதரை வரைக்கும் சாயத் தண்ணி இல்லை. கல்சியம் காலையில், ரொட்டி சாப்பிட்ட பிறகு. கறியில் நெத்தலி, முடிந்த நாட்களில் கீரை. மறக்காமல் இருக்க மாத்திரை அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் குத்தினோம், விளக்கு வைக்கும்போது கண்ணில் படும். தண்ணீரைக் குறைக்காதே என்றேன். அதற்கு அவள் கேட்ட கேள்வி, "எங்கக்கா போறது?" மிஸ்ஸியும் நானும் தோட்டத்து நிர்வாகத்திடம் போய் மலைக்குப் பக்கத்தில் ஒரு கக்கூசு கேட்டோம். கேட்டுக்கொண்டார்கள். மூன்று தடவை போய்விட்டோம். இன்றைக்கும் இல்லை. அவளுக்கு அந்த மூன்று மாதம் லயத்துக்குக் கிட்டே உள்ள மலையில் வேலை போட மட்டும் கணக்கப்பிள்ளை சம்மதித்தார். அதுவே பெரிய உதவியாக இருந்தது.

மாமியாரை வழிக்குக் கொண்டுவருவதுதான் கஷ்டமாக இருக்குமென்று நினைத்தேன். துணி துவைத்துவிட்டு வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "எனக்கு மூணாவது புள்ள தங்கல. எனக்கும் கண்ண இருட்டிக்கிட்டுத்தான் வந்திச்சு. அன்னைக்கு யாரும் இதச் சொல்லல" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

எட்டாம் மாதம் ஹீமோகுளோபின் 10.6. அவள் பெற்றது பெண் பிள்ளை, 2.7 கிலோ.

போன வாரம் அந்த லயத்துக்கு இரவு எட்டரை வாக்கில் போயிருந்தேன். பக்கத்துக் காம்பராவில் புதிதாக ஒருத்தி பதிந்திருக்கிறாள், மூன்றாம் மாதம். வாசலில் மழை. அவளுடைய வீட்டு அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கோப்பையை எடுக்கக் கை நீட்டியபோது, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்ற அந்த மாமியார் உள்ளே வந்து, கேத்தலை இறக்கி ஒரு ஓரமாக வைத்து மூடினார்.

"ஒம்பதர ஆகட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க குடிங்கம்மா. உங்களுக்கு ஊத்தித் தர்றேன்."